கஞ்சி ஜன்னல்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் புதுப்பித்து வைத்திருக்கும் பழைய கூடத்தைப் பார்க்க இப்போதெல்லாம் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். புதுச்சேரிக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கார் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து, வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்து, என்ன குளிர்ச்சி என்று வியக்கிறார்கள். போகும்போது மேற்குச் சுவரில் இருக்கும் சின்ன ஜன்னலுக்கு வெளியே நின்று, தலையை உள்ளே நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நடையை எட்டிப் போட்டுவிடுவேன். அந்த ஜன்னலைத் திறந்துவிட்டவன் நான். கடப்பாரையால் இல்லை, பேனாவால்.

நான் அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். விழுப்புரம் திண்டிவனம் வண்டியில் பாதி வாழ்க்கை, அனந்தபுரம், வல்லம் பக்கத்து டவுன் பஸ்களில் மீதி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் வண்டியில் ஒருவன் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, ஏற வந்த ஆளின் சட்டையைப் பார்த்து "ஆள் வருது" என்று சொன்னால், துண்டை எடுத்து அவன் மடியிலேயே போட்டு, வந்தவரை உட்கார வைப்பேன். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அப்படித்தான். வண்டியில் அவ்வளவு வாய் பேசியவன் சொந்த ஊரில் கோட்டை விட்டதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கூடம் தாது வருஷத்துப் பஞ்சத்தில் எழும்பியது. அப்போது இங்கே இருந்த பிரெஞ்சுக்காரச் சாமியார், பட்டினியில் வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் வேண்டும் என்று, கஞ்சி குடித்தவர்களை வைத்தே கட்டினார். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், ஏரி மண். மேற்குச் சுவரில் தாழ்வாக ஒரு ஜன்னல் வைத்தார். உள்ளும் வெளியும் ஒரே மட்டம். உள்ளே ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றலாம். வெளியே நிற்பவர் குனிந்து சட்டியை நீட்ட வேண்டும். கீழே ஒரே கருங்கல் பலகை. அதன் நடுவில் சட்டி வைத்து வைத்து ஒரு குழி விழுந்திருக்கும்.

கஞ்சிக்கு மதம் மாறினவர்கள் என்று காலனிக்காரர்களான எங்களைக் கேலி பேசுவது ஊரில் பழக்கம். கோவில் தெருக்காரர்களின் முன்னோர்களும் அதே ஜன்னலில் அதே கஞ்சியை வாங்கிக் குடித்தவர்கள்தான். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பஞ்சம் முடிந்தது, மழை பெய்தது, சாமியாரும் செத்துப்போனார். கஞ்சிக் கொட்டகை கல்யாணக் கூடமாயிற்று. பங்குத் திருவிழாச் சாப்பாடு அங்கேதான் என்று ஆயிற்று. கோவில் தெருக்காரர்கள் வாசல் வழியாக உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு அந்த ஜன்னலே நிலைத்துவிட்டது. பாத்திரம் கொண்டு போய்க் குனிந்து வாங்கி, புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பூசைக்கு ஒரே கோவில், ஒரே சாமியார், ஒரே நற்கருணை. சோற்றுக்கு மட்டும் ஜன்னல்.

என் அப்பா சூளையில் செங்கல் அறுப்பவர். அதிகம் பேச மாட்டார், கோவிலுக்கும் ஒழுங்காக வர மாட்டார். எனக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது ஒரு திருவிழா அன்று, பாடற்பூசையில் ஊரே கோவிலுக்குள் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த சாமியாரின் பிரசங்கம் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிரசங்கம் முடிவதற்குள் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஜன்னலை வெளியிலிருந்து செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சூளையிலிருந்து கொண்டுவந்து கிணற்றடியில் அடுக்கியிருந்த செங்கல்லைச் சுமந்தது என் அக்கா. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நடைக்கு எட்டு செங்கல் தலையில் வைத்து, கிணற்றடியிலிருந்து நாலு நடை நடந்தாளாம். சிமெண்டு, கிணற்றுச் சுவருக்கு வாங்கி மிஞ்சியது.

அப்பா போட்ட கணக்கு ரொம்பச் சுலபமானது. ஜன்னல் இல்லையென்றால் உள்ளே கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? ஆண்டவர் பெயரால் சமைத்த சோற்றை இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்? மனிதர்களைப் பற்றி அவருக்கு இருந்த நல்ல எண்ணத்தை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பூசை முடிந்து வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் கையில் பாத்திரம் இல்லாமல் வாசலில் நின்றார்கள். ஒரு மணி நேரம் யாரும் நகரவில்லை. கடைசியில் கோவில் தெரு நாட்டாண்மை, இந்த வருஷம் யாருக்கும் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார். சமைத்த சோறு அத்தனையும் மாட்டுத் தொட்டிக்குப் போனது. கதவைப் பூட்டினார்கள். எங்களோடு ஒரு பந்தியில் உட்காருவதைவிட, தங்களுக்கும் கூடம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்தப் பூட்டு என் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை திறக்கவில்லை. உள்ளே வௌவால், மேலே அரசமரம்.

அப்பாவை அதற்குப் பிறகு சூளையில் வேலைக்கு வைக்கவில்லை. வானூர்ப் பக்கம் போய்க் கூலி வேலை செய்தார். தோற்றுப் போனவர் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் அந்த அடைத்த சுவர் மட்டும் அப்படியே இருந்தது. அப்பா கொத்தனார் இல்லை. அவருக்கு அடுக்கத் தெரியும், கட்டத் தெரியாது. ஒவ்வொரு வரிசையும் ஒரு பக்கம் சாய்ந்து, சிமெண்டு பிதுங்கி, பார்க்கவே கோணலாக இருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதைத் தொட்டுவிட்டுப் போவேன். எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. அந்தக் கோணல் சுவர் ஒன்றுதான் மறுப்பு. எனக்கு அப்பாவின் கல்லறைகூட அவ்வளவு முக்கியமில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு புதிதாக வந்த பங்குத்தந்தை, அந்தக் கூடத்தை இடித்துவிட்டு ஏசி வைத்த மண்டபம் கட்டலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சை எடுத்தார். வயதில் சின்னவர், தென்கோடியிலிருந்து வந்தவர், ஜன்னல் கதை எதுவும் தெரியாது. நான் காலனியின் சார்பில் பேரவையில் இருந்தேன். இடித்தால் அப்பாவின் சுவரும் போய்விடும். எழுந்து நின்று பஸ்ஸில் கத்துவது போலக் கத்தினேன். பஞ்சத்தில் எழும்பிய கட்டடம், வரலாற்றுச் சின்னம், இதை இடித்தால் சந்ததி நம்மை மன்னிக்காது என்றெல்லாம் செய்தித்தாளில் படித்ததை அவிழ்த்துவிட்டேன். என் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கட்டாயம் இடிப்பார்கள் என்று பயம்.

பேரவைத் தலைவர் கோவில் தெருக்காரர், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டச் சொன்ன நாட்டாண்மையின் மகன். அவர் எடுத்த எடுப்பிலேயே என்னை ஆதரித்தார். கண்டக்டர் சொல்வதுதான் சரி, பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்றார். எப்போதும் தகராறு பண்ணுகிற பயணி திடீரென்று சிரித்துப் பேசினால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. தீர்மானத்தை நானே எழுதினேன். மண்டபம் என்று யாரும் பிறகு வாலாட்டக் கூடாது என்பதற்காக, நன்றாக யோசித்து, அழுத்தமாக எழுதினேன்: "இக்கூடம் ஆதியில் இருந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் புதுப்பிக்கப்பட வேண்டும்." எழுதிவிட்டு இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். ஹெட்மாஸ்டரே, நல்ல தமிழ் என்று பாராட்டினார்.

வெளிநாட்டில் இருக்கும் கோவில் தெருப் பிள்ளைகள் பணம் அனுப்பி உதவினார்கள். வேலையைப் பார்க்க வானூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதையே படித்தவள். நல்ல பெண், வெயிலில் நாள் முழுக்க நிற்பாள், சாரத்தில் ஏறி இறங்குவாள். சுவரை ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டி, எது பிரெஞ்சுச் சாமியார் காலத்துப் பூச்சு, எது பிறகு வந்தது என்று கண்டுபிடித்தாள். ஆதியில் இருந்ததை விட்டுவிட்டு, பிறகு சேர்ந்ததன்மேல் எல்லாம் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள். ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், அப்பாவின் சுவரில் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

இதை எடுக்கக் கூடாது என்றேன். அவள் ஃபைலைத் திறந்து என் தீர்மானத்தின் நகலை எடுத்துக் காட்டினாள்.

"நீங்கதான அங்கிள் எழுதிக் குடுத்திருக்கீங்க. இந்த அடைப்பு ஒரிஜினல் கிடையாது. வேலையும் மோசம், பாருங்க, ஒரு வரிசை கூட நேரா இல்ல."

என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பெண்ணிடம் அப்போதுதான் எல்லாக் கதையையும் சொன்னேன். அவள் ஃபைலை மூடினாள். பிறகு, இதுவும் இந்தக் கட்டடத்தின் சரித்திரம்தான், அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பலகை வைத்து நடந்ததை எழுதிவிடலாம், பேரவை ஒப்புக்கொண்டால் போதும் என்றாள். நான் நம்பினேன். அப்பாவின் மகன்தானே.

பேரவை கூடியது. நான் எழுந்து, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கதையைக் கோவில் தெருக்காரர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரும் கோபப்படவில்லை; அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எல்லாரும் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்கள். பங்குத்தந்தை மன்னிப்பைப் பற்றி அழகாகப் பேசினார். ஹெட்மாஸ்டர் என் தோளில் கை வைத்தார்.

"பழசக் கிளறிக்கினு இருந்தா பேஜாருதான் கண்டக்டரே. இப்ப யாரு அதெல்லாம் பாக்குறாங்க? எல்லாம் ஒன்னாத்தான கீறோம்."

நூற்றைம்பது வருஷத்துச் சுண்ணாம்பை நகம் படாமல் சுரண்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் உட்கார்ந்துதான், பழசைக் கிளறக் கூடாது என்று சொன்னார்கள். தீர்மானத்தில் எழுதியபடியே நடக்கட்டும் என்று கை தூக்கினார்கள். எதிர்த்து ஒரு கை, என்னுடையது. காலனியிலிருந்து வந்த இன்னொருவர்கூட, போகட்டும் விடு என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் பேத்திக்குப் பங்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டிருந்த சமயம் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுவரை இடிக்கும் அன்று நான் ஊரில் இருக்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு வேலையும் இல்லாமல் பழைய டிப்போவுக்குப் போய், கூட வேலை செய்தவர்களோடு டீ குடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அப்பா பூசை நடக்கும்போது ஊரை எதிர்த்துச் சுவர் வைத்தார். நான் அதை இடிக்கும்போது பக்கத்தில் நிற்கக்கூட இல்லை. இதை வேறு எந்த மாதிரி எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

மறுநாள் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. கருங்கல்லைத் துலக்கிக் குழி தெரிய எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். மேலே ஒரு பளிங்குத் துண்டில் "இரக்கத்தின் சாளரம்" என்று பொறித்து ஒட்டியிருந்தார்கள். பஞ்ச காலத்தில் பசித்தோருக்கு இதன் வழியே உணவளிக்கப்பட்டது என்று கீழே ஒரு வரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. பஞ்சத்தோடு நின்றுவிட்ட உண்மை, அவ்வளவுதான். செங்கல்லை எங்கே போட்டீர்கள் என்று கொத்தனாரைக் கேட்டேன். முன்வாசலில் கல்வெட்டு நிறுத்துவதற்குக் கட்டிய மேடையைக் காட்டினார்.

"எல்லாம் அதுக்குள்ளதான் சார் கீது. அந்தக் காலத்துச் சூளைக் கல்லு, இரும்பு மாதிரி. இப்ப எங்க கெடைக்குது?"

திறப்பு விழாவுக்கு ஆயர் வந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்தார்கள். பூசைக்குப் பிறகு கூடத்தில் எல்லாருக்கும் பிரியாணி என்று பங்குத்தந்தை மைக்கில் அறிவித்தார். சாதி பார்க்காமல் ஒரே பந்தியாம். அவர் மனதார அப்படித்தான் நினைத்தார் என்று நம்புகிறேன். ஆனால் கூடம் சின்னது. ஆயரோடு வந்தவர்கள், உதவி செய்தவர்கள், அவர்களுடைய உறவுகள் உட்கார்ந்ததுமே நிரம்பிவிட்டது. பேரவை உறுப்பினர் என்று எனக்கும் உள்ளே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

வெளியே கூட்டம் தள்ளியது. சமையலுக்கு வந்தவர்கள் விழுப்புரத்து கேட்டரிங் ஆட்கள். அவர்களுக்கு எந்த ஊர்க் கதையும் தெரியாது. உள்ளே நிற்க இடமில்லை, வெளியே பசியோடு ஜனங்கள். சுற்றிப் பார்த்தார்கள். மேற்குப் பக்கம் வாட்டமாக ஒரு ஜன்னல் இருந்தது. பிரியாணி டேக்சாவை அங்கே நகர்த்திவைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதன் வழியாகத் தட்டு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் திட்டம் போடவில்லை, யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை. ஜன்னல் இருந்தது, அது தன் வேலையைச் செய்தது.

என் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னல் நேராகத் தெரிந்தது. சதுரத்துக்குள் முகங்கள் வந்து வந்து போயின. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள், எல்லாம் காலனி. அப்போது அந்தச் சதுரத்துக்குள் என் அக்காவின் தலை வந்தது. எழுபது தாண்டியவள், இன்றைக்கும் மல்லாட்டைக் கொல்லையில் கடலை ஆயப் போகிறவள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பையன் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

"தல இடிக்கப் போவுதும்மா. கொஞ்சம் குனிஞ்சி வாங்கிக்கோங்க."

அக்கா குனிந்து வாங்கிக்கொண்டாள்.

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் புளியமரத்துப் பக்கம் போகாமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், நான் சுமந்த செங்கல் எல்லாம் எங்கே தம்பி என்று கேட்டாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டில் ஒரு சாமானைக் காணோம் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்வெட்டு மேடையைக் காட்டி, உள்ளே இருக்கிறது என்றேன். அவள் குனிந்து, மழமழவென்று பூசியிருந்த மேடையை ஒரு கையால் தடவினாள். ஒரு செங்கல்லும் வெளியே தெரியவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஆயர் பெயரையும் பங்குத்தந்தை பெயரையும் படித்தேன். பேரவை உறுப்பினர்கள் வரிசையில் கடைசியாக என் பெயர் இருந்தது. அதையும் படித்தேன். கீழே வேற என்னவோ கீதே என்றாள். அதைப் படிக்காமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். அவள் விடவில்லை.

"ஆதியில் இருந்தபடியே புதுப்பிக்கப்பட்டது" என்று படித்தேன்.

அக்கா திரும்பி ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். அங்கே வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"சரியாத்தான் எழுதிக்கீறாங்க" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குச் சாப்பிடப் போனாள்.